தேசம்மா எங்கள் வட்டாரத்துப் பெண்

எங்கள் துறை ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கவிதா தொலைபேசியில் கேட்டபோது, அஸ்தினாபுரம் வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருந்தேன். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் அவர்.

“சார், இப்பல்லாம் கர்ப்பிணிக்கு ஒரு நம்பர் குடுத்துடறோம். அவங்க எந்த ஊருக்குப் போனாலும் நம்பர் கூடவே போகுது. ஆனா கம்ப்யூட்டர் இல்லாத காலத்துலயே நீங்க தாய் மரணம் பூஜ்யம்னு கேடயம் வாங்கியிருக்கீங்க. இன்னும் ஹால்லதான் மாட்டியிருக்கோம். எப்படிச் சாதிச்சீங்கன்னு எழுதுங்க சார்.”

எழுதுகிறேன், ஆனால் ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்றேன்.

“வெட்டறதுக்கு என்ன சார் இருக்கு” என்று சிரித்தார்.

இருக்கிறது, கவிதா. அந்தக் கேடயம் பொய். அந்தப் பூஜ்யத்தைச் செய்தவன் நான். எப்படிச் செய்தேன் என்றுதான் எழுதப் போகிறேன். “அந்தக் காலத்தில் எல்லா வட்டாரத்திலும் அப்படித்தான் சார்” என்று ஆறுதல் சொல்லப் பலர் வருவார்கள். ஓய்வு பெற்ற இத்தனை வருடங்களில் அதை நிறையக் கேட்டுவிட்டேன். இனி யாரும் சொல்ல வேண்டாம்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் முதுகலை படித்தேன். தேர்வெழுதிச் சுகாதாரத் துறைக்கு வந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவற்றில் பாதி எனக்கு முன்பே தெரியும். மீதியை, அதாவது கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் என்ன பொருள் என்பது போன்றவற்றை, எனக்குத் தேவைப்படாது என்று நினைத்துக் குறிப்பெடுக்காமல் விட்டேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் வட்டாரம் தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் கிடந்தது. பாதி ஏரிக்கரைக் கிராமங்கள், பாதி வாடகை அறைகள். அந்த அறைகளில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதிகள் இருந்தார்கள். ஆண்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், பெண்கள் தாம்பரத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் போனார்கள்.

இவர்களில் கர்ப்பமான ஒவ்வொரு பெண்ணுக்கும் தாய் சேய் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. இரண்டு கையையும் விரித்தால்தான் திறக்கிற அகலமான புத்தகம் அது. இடது ஓரத்தில் பெயர், கணவர் பெயர், வீடு. பிறகு ஒவ்வொரு மாதமும் எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சத்து, சிறுநீர்ச் சோதனை, போட்ட ஊசி, கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. வலது கோடியில் பிரசவம் எங்கே, எப்போது, தாயும் பிள்ளையும் எப்படி. இதை எழுதுபவர் கிராம சுகாதார செவிலியர், ஜனங்களுக்கு நர்சம்மா. தோளில் பையும் கையில் பி.பி. பெட்டியுமாக ஷேர் ஆட்டோவிலும் கால்நடையாகவும் அலைந்து எழுதுவார். அவர்கள் எழுதியதையெல்லாம் மாதக் கடைசியில் கூட்டி, வகுத்து, ஒரே தாளில் சதவீதமாக்கி மேலே அனுப்புவது என் வேலை. நர்சுகள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘பர்சென்ட் சார்’. நான் வருவதைப் பார்த்தால், “பர்சென்ட் சார் வர்றாரு, உங்களையும் நூத்தால பெருக்கிடுவாரு” என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் வசந்தா. என் தாளை அவர் அதிகம் பார்த்ததில்லை. மாதக் கூட்டத்தில் ஒரு நர்சின் பதிவேட்டை வாங்குவார், பின்பக்கத்திலிருந்து புரட்டுவார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், பார்க்காமல் ஏதோ ஒரு வரியில் விரலை வைப்பார். “இவ இன்னைக்கு எங்க இருக்கா?” என்பார். ரத்த அழுத்தம் என்ன என்றோ எத்தனை ஊசி போட்டோம் என்றோ கேட்க மாட்டார். இன்றைக்கு, இந்தப் பொழுதில், அந்தப் பெண் எங்கே. “வீட்டுலதான் மேடம், காலைல பாத்துட்டுதான் பஸ் ஏறினேன்” என்று பதில் வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த பதிவேட்டை எடுப்பார். “தெரியல மேடம்” என்றால் திட்ட மாட்டார். புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்து, “போய்ப் பாத்துட்டு வாங்க, நாங்க இருக்கோம்” என்பார். அந்த நர்ஸ் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து போக வேண்டும். ஒரு பெயருக்காக ஓர் ஆளின் அரை நாளை வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு தீராத குறை இருந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். எங்களுடையவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் என்பதால் பிரசவத்துக்கான கட்டம் வெற்றாகவே கிடக்கும். வெற்றுக் கட்டங்கள் சதவீதத்தை இழுத்துக் கீழே தள்ளும். மாவட்டக் கூட்டத்தில் துணை இயக்குநர் எங்கள் தாளை இரண்டு விரலால் தூக்கி, “உங்க ஊர்ல மட்டும் பொண்ணுங்க பிள்ளை பெத்துக்கறதே இல்லையா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இருபத்தெட்டு வாரம் கடந்த பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் கடைசிக் கட்டத்தில் ‘தா.வீ.’ என்று எழுதி, வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, எதிர்பார்க்கும் பிரசவங்களின் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிடுவது. அவள் போன ஊர் நர்ஸ் அவளைச் சேர்த்துக்கொள்வார் என்று விதி சொல்கிறது. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி மேலே அனுப்பினேன். அடுத்த மாதமே எங்கள் சதவீதம் குதித்து ஏறியது. துணை இயக்குநர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

அதற்கு முன்பு நர்சுகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெண் தாய்வீட்டுக்குப் புறப்பட்டால், அந்த ஊர் நர்சுக்கு அஞ்சலட்டை எழுதுவார்கள். இன்னார் வருகிறார், இன்ன பிரச்சினை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. முகவரிப் பட்டியலும் அலுவலக முத்திரையும் என்னிடம் இருந்தன. இந்த அஞ்சலட்டைக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதனால் தா.வீ. வந்ததும் அது தேவையில்லை என்று நிறுத்தினேன்.

“தணிகாசலம், கோடு போட்டுட்டீங்க. அந்தப் பொண்ணு இன்னைக்கு எங்க இருக்கா?” என்றார் டாக்டர்.

“அம்மா வீட்டுல மேடம்.”

“பாத்தீங்களா?”

அவருக்குப் புள்ளியியல் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் தேசம்மாவின் பெயர் எங்கள் பதிவேட்டில் ஏறியது. கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் அவளுடையது. தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்க வந்த இடத்தில் லேத் பட்டறை வேலைக்காரரான குமாரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். குமாருக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அந்தப் பகுதியின் நர்ஸ் ஜெபராணி. மேற்குத் தாம்பரத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். ஆபத்தான பெண்களின் பெயரைச் சிவப்பில் வட்டமிடுவார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போதும் கூட்டங்களில், படிக்காத ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, விழிப்புணர்வு இல்லை, அதனால் சாகிறார்கள் என்று பேசுகிறார்கள். தேசம்மா வந்தாள். ஒவ்வொரு மாதமும் வந்தாள். கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் வந்து வரிசையில் உட்கார்ந்தாள். இரும்பு மாத்திரையைத் தின்றால் வாந்தி வருகிறது என்று சொல்லிவிட்டுத் தின்றாள். பதிவேட்டில் அவள் வரியில் ஒரு கட்டம்கூட வெற்று இல்லை. இதை மறுக்கிறவர்கள் வாருங்கள், என்னிடம் நகல் இருக்கிறது.

முப்பதாவது வாரம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை வரச் சொன்னார். அன்று சோதனை அறைக்கு வெளியே ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தேன். காதில் விழுந்தது.

“ஊருக்குப் போறதா இருந்தா என்கிட்ட சொல்லாம போகக் கூடாது, தெரியுதா?”

“அம்மா வந்து இட்டுக்கினு போவும் மேடம். வளையல் போட்டாச்சே, இனிமே இங்க இருந்தா நல்லாருக்காது.”

“உன் பி.பி. நல்லாருக்கான்னு முதல்ல கேளு.”

“அத நீங்கதான கேக்கணும்” என்றாள் தேசம்மா. டாக்டரே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் டாக்டரை ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். பொறுப்புக்கு வந்த டாக்டர் தன் சொந்த நிலையத்தைப் பார்த்துவிட்டு இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. அலுவலகம் என் கையில் இருந்தது. அப்போதுதான் ஜெபராணி என் மேஜைக்கு வந்தார்.

“சார், தேசம்மாவுக்குத் தா.வீ. போடாதீங்க.”

“போயாச்சா இல்லையா?”

“போயாச்சு. அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்க. நான் போனப்ப ரூம் பூட்டியிருந்துச்சு.”

“போனா தா.வீ.தானே சிஸ்டர்.”

“போன தடவை பாத்தப்ப பி.பி. நூத்தம்பது நூறு சார். ரெண்டு காலும் வீங்கி, செருப்புக்குள்ள போகல. யூரின்ல உப்பு இருக்கு.”

“அதை அங்க பாத்துப்பாங்க.”

“அங்க யாருக்கு சார் தெரியும்? சுனாமிக்கு அப்புறம் அந்தக் குப்பமே தகரக் கொட்டகைல இருக்கு. அந்த நர்சம்மா எத்தனை பேரைத்தான் பாப்பாங்க?” பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. “நீங்க நிறுத்தினது தெரியும். இதுக்கு மட்டும் அட்ரஸ் எழுதி, சீல் போட்டு அனுப்பிடுங்க சார். நான் கேக்கறது இது ஒண்ணுதான்.”

சரி, வையுங்கள் என்றேன். அவர் போனார். நான் அட்டையைப் படித்தேன். பிறகு மேஜை டிராயரில் வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிவந்தேன். மறக்கவில்லை. ஆபத்தான நிலையில் இருக்கும் பெண் என்று எங்கள் முத்திரையோடு ஒரு காகிதம் வெளியே போனால், நாளைக்கு ஏதாவது ஆனால், உங்களுக்குத் தெரியுமே என்று எங்கள் தலையில் கட்டுவார்கள். காகிதம் போகாவிட்டால் அவள் தா.வீ. மட்டும்தான். இதை நான் நிதானமாக யோசித்தேன். டிராயரைப் பூட்டினேன். பதிவேட்டை இழுத்து, சிவப்பு வட்டத்தின் குறுக்கே பென்சில் கோட்டை இழுத்தேன். முதல் தடவை கோடு சரியாக விழவில்லை, ரூல் தடி வைத்து இரண்டாம் முறை இழுத்தேன்.

பதினெட்டாம் நாள் தேசம்மா இறந்தாள். முன்தினமே தலைவலி என்றிருக்கிறாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றிருக்கிறாள். தகரத்துச் சூடு என்று நினைத்து மோர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த அட்டை போயிருந்தால் தலைவலி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்தக் குப்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். காலையில் வலிப்பு வந்தது. மீன் ஏற்றும் வண்டியில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. குழந்தையும் உள்ளேயே போயிற்று.

ஒரு தாய் இறந்தால் மாவட்ட அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். டாக்டர் இன்னும் வரவில்லை. பொறுப்பு டாக்டர் கோப்பை என் பக்கம் தள்ளினார். நான் பேசினேன். கடற்கரை வட்டாரத்திலிருந்து வந்திருந்த புள்ளியியலாளர் ஒரு சாதுவான மனிதர். வியர்த்துக்கொண்டு, “சார், எங்க ரிஜிஸ்டர்ல அந்தப் பொண்ணு பேரே இல்ல சார்” என்றார்.

“எங்க ரிஜிஸ்டர்லயும் இல்ல சார். சாகறதுக்கு ரெண்டரை வாரம் முன்னாடியே தா.வீ. போட்டாச்சு” என்றேன்.

“அப்ப இது யாரோடது?” என்றார் துணை இயக்குநர்.

அதற்கும் தயாராகப் போயிருந்தேன். கணவரின் ரேஷன் அட்டை விழுப்புரம் பக்கத்தில் இருக்கிறது, நிரந்தர முகவரி அதுதான், வேறு மாவட்டம் என்றேன். துணை இயக்குநரின் முகம் மலர்ந்தது. மரணத்தை அந்த மாவட்டத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட முடிவாயிற்று. கடிதத்தை நானே எழுதினேன். பஜ்ஜியும் டீயும் வந்தன. கடற்கரைக்காரர் என் கையைப் பிடித்து, “காப்பாத்தினீங்க சார்” என்றார். தேசம்மா ஒருநாள்கூட வாழாத ஊருக்கு அவளுடைய சாவை அனுப்பிவிட்டு, பஜ்ஜியைத் தின்றேன். வாழைக்காய் பஜ்ஜி. சூடாக இருந்தது.

டாக்டர் திரும்பி வந்து நடத்திய முதல் மாதக் கூட்டத்தில் ஜெபராணியின் பதிவேட்டை வாங்கினார். பின்பக்கத்திலிருந்து புரட்டினார். கண்ணாடியைக் கழற்றவில்லை. விரலைத் தெரிந்தே வைத்தார்.

“இவ இன்னைக்கு எங்க இருக்கா?”

ஜெபராணி தலை குனிந்திருந்தார். நான் முந்திக்கொண்டேன். “அது நம்ம வட்டாரம் இல்லைன்னு முடிவாயிடுச்சு மேடம். ஆர்டர் இருக்கு.”

“நான் வட்டாரம் கேக்கல தணிகாசலம்.”

அவர் பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினார். “போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கூட்டம் அத்தோடு கலைந்தது.

ஆறு மாதம் கழித்துக் கேடயம் வந்தது. மேடையேறி வாங்கியவன் நான்தான். டாக்டர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கூட்ட அறையில், என் நாற்காலிக்குப் பின்னால், ஆணி அடித்து மாட்டினோம்.

மாட்டிச் சில வாரங்களே ஆகியிருக்கும். ஒரு மதியம், மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். அன்று தடுப்பூசி நாள். ஜெபராணி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எழுதுறவரு நீதானா சார்? நானு தேசம்மாவோட அம்மா, கன்னியம்மா” என்றார். முந்தானை முடிச்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். நாங்கள் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கும் மருத்துவ அட்டை. “மருமவன் வூட்ட காலி பண்ணிச்சு. சாமானுக்குள்ள இது இருந்துச்சு. அன்னிக்கு வண்டில ஏத்தசொல்ல எல்லாரும் கேட்டாங்க, கார்டு எங்க கார்டு எங்கன்னு. வூட்ல வச்சு பூட்டிக்கினு வந்துட்டா மடச்சி. இதுல இன்னாதான் எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லு சார்.”

வாங்கினேன். பிரித்தேன். அதற்குள் அந்த அம்மாளின் கண் என் தலைக்கு மேலே போயிற்று.

“அது இன்னாது, பளபளன்னு?”

அலுவலக உதவியாளர் ஏழுமலை ஒன்றும் தெரியாமல் பெருமையாகச் சொன்னார். “நம்ம ஏரியால பிரசவத்துல ஒருத்தர்கூட சாவலைன்னு கவர்மெண்ட்ல குடுத்ததும்மா.”

கன்னியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருத்தருமா?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “படி சார்.”

படித்தேன். எடை, மாதம், ஊசி. பிறகு ரத்த அழுத்தம். நூற்று நாற்பது. நூற்று ஐம்பது. பக்கத்தில் சிவப்பு மையில் ‘அபாயம்’ என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லையும் படித்தேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

“எனக்கு எப்படிம்மா தெரியும். நர்சம்மாவுக்குத்தான் தெரியும்” என்று பெஞ்சைக் காட்டினேன்.

கன்னியம்மா திரும்பினார். “ஏம்மா, தெரிஞ்சுக்கினு ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே. நீயும் பொம்பளதான? உன் பொண்ணா இருந்தா இப்படி வுடுவியா?” இன்னும் சொன்னார். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எனக்குச் சேர வேண்டியவை, தவறான ஆளுக்குப் போய்விட்டன.

ஜெபராணி என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் போதும், அந்த டிராயர் ஆறடி தூரத்தில் இருந்தது. அவர் எழுந்து நின்று, “தப்புதாம்மா” என்றார்.

அந்த அம்மாள் போன பிறகு ஜெபராணி என் மேஜைக்கு வந்தார். “டிராயரைத் திறங்க சார்.” திறந்தேன். அஞ்சலட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்து என் கையில் கொடுத்தார். “எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கோங்க. எங்க போனாலும் கூடவே வச்சுக்கோங்க.” குரல் உயரவில்லை. போய் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

இனி நடந்தவற்றுக்காகத்தான் துறையில் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்றார்கள். சொல்லட்டும். அந்த வாரமே பதிவேடுகளை வரவழைத்து, தா.வீ. எழுதிய ஒவ்வொரு வரியிலும் நானே உட்கார்ந்து பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன். தாய்வீட்டுக்குப் போன பெண் எங்கள் பதிவேட்டிலும் இருப்பாள், அந்த ஊர்ப் பதிவேட்டிலும் இருப்பாள், பிரசவம் ஆகிச் செய்தி வரும்வரை யாரும் எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை எழுதினேன். அஞ்சலட்டையைத் திரும்பக் கொண்டுவந்தேன். வெளியூர்களிலிருந்து எங்கள் பகுதிக்கு வரும் பெண்களையும் எந்தத் தாளும் கேட்காமல் எழுதச் சொன்னேன். முதல் முறையாக ஒரு நர்சின் பின்னால் ஷேர் ஆட்டோவில் ஏறி, பூட்டிய அறைகளின் முன்னால் நின்று, பக்கத்து வீட்டில் விசாரித்தேன். சதவீதம் சரிந்தது. துணை இயக்குநர் கூப்பிட்டார்.

“ஒரே பொண்ணை ரெண்டு இடத்துல எழுதினா பர்சென்ட் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“கெட்டுப்போகும் சார்.”

“தெரிஞ்சே செய்யறீங்களா?”

“தெரிஞ்சேதான் சார்.”

“அந்தப் பழைய விஷயத்தையும் கிளறி லெட்டர் போட்டிருக்கீங்களாம். கேடயம் செல்லாதுன்னு. பைத்தியமா உங்களுக்கு?”

“அந்த மரணம் எங்களோடது சார். நான்தான் மாத்தினேன்.”

“முடிஞ்சு போனதைத் தோண்டாதீங்க, தணிகாசலம்.”

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. கேடயம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பதிவேடுகளில் இரட்டைப் பதிவு செய்து புள்ளிவிவரத்தைக் கெடுத்தது, விளக்கம் தருக என்று இருந்தது. “குற்றச்சாட்டு உண்மை. தொடர்ந்து செய்வேன்” என்று எழுதிக் கையெழுத்துக்கு டாக்டரிடம் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பச்சை மைப் பேனாவை எடுத்து அடியில், “என் உத்தரவின்பேரில் செய்யப்பட்டது” என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

“நீங்க உத்தரவு போடலையே மேடம்.”

“நாலு வருஷமா போட்டுட்டிருக்கேன். உங்களுக்கு இப்பதான் காதுல விழுந்திருக்கு.”

எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவருக்கு மாற்றல் வந்தது. இரட்டைப் பதிவை நான் ஓய்வு பெறும் நாள்வரை நிறுத்தவில்லை. அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். அந்த எண்ணை இந்தப் பக்கம் வைத்து, தேசம்மாவை அந்தப் பக்கம் வைத்து நேர்செய்வார்கள். அதைச் செய்யப் படித்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஒருமுறை கோவளத்துக்குப் போனேன். படகு வரும் இடத்தில் கன்னியம்மா வரிசையில் உட்கார்ந்து சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலட்டையைச் சொன்னேன், டிராயரைச் சொன்னேன், அவர் கேட்டபோது பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் கத்தியை வைக்கவில்லை.

“மீன் வாங்க வந்தியா, இத சொல்ல வந்தியா?”

“இதைச் சொல்லத்தாம்மா.”

“சொல்லிட்ட இல்ல. நவுரு. ஏவாரம் கெடுது.” நான் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். “யோவ். அந்த நர்சம்மா கைல சொல்லு. அன்னிக்கு நானு திட்டுனது எதையும் மனசுல வச்சிக்க வாணாம்னு.”

ஜெபராணியிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்குச் சொல்லி அனுப்பினாங்க. உங்களுக்கு?” என்றார். எனக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை என்றேன். அது சரி என்பது போலத் தலையாட்டினார்.

கவிதா, உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். கேட்கிறேன் என்பது மரியாதைக்கு. கேடயத்தைக் கழற்றுங்கள், அல்லது அதில் இருக்கும் பூஜ்யத்தைத் திருத்துங்கள். அந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் பிரசவ காலத்தில் இறந்த தாய் ஒருவர். பெயர் தேசம்மா, கணவர் பெயர் குமார், முதல் கர்ப்பம். முடிந்து போனதை ஏன் தோண்ட வேண்டும் என்று உங்களுக்கு மேலே இருப்பவர் கேட்டால், தோண்டியவன் பெயரையும் முகவரியையும் கொடுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

இரண்டாவது, மலரில் கட்டுரைக்கு மேலே எழுதியவரின் புகைப்படம் போடுவீர்கள். என் புகைப்படம் வேண்டாம். அந்த இடத்தில், இத்துடன் இணைத்திருக்கும் அஞ்சலட்டையை அச்சிடுங்கள். முகவரிப் பக்கம் அன்று நான் விட்டபடியே வெற்றாக இருக்கிறது. மறுபக்கத்து எழுத்து பொடியானது, அச்சில் தெரியாமல் போகலாம். அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன்:

“அன்புள்ள சகோதரிக்கு, தேசம்மா, வயது 20, முதல் கர்ப்பம், 32 வாரம். உங்கள் குப்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பி.பி. 150/100. கால் வீக்கம் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள், ஆனால் தலைவலி வந்தால் சொல்ல மாட்டாள், சிரித்து மழுப்புவாள். நல்ல பெண். நீங்கள் தயவுசெய்து இன்றைக்கே போய்ப் பாருங்கள்.”